ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும் வண்டு: ஓசார்க் மலையில் ஓக் மரங்கள் செத்தது ஏன்?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஓசார்க் மலைக்காடுகளில் 1999 வாக்கில் ஓக் மரங்கள் கூட்டம் கூட்டமாகக் காயத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் மிசௌரி, ஒக்லஹோமா மாநிலங்களிலும் இதே நிலை. லட்சக்கணக்கான ஏக்கர் காடு பாதிக்கப்பட்டது. செத்த மரங்களை வெட்டிப் பார்த்தால் தண்டு முழுக்கத் துளை. துளைத்தது ஒரு பழுப்பு நிற இரவு வண்டின் புழு.

அதே காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வேறு இரண்டு மரத்துளைப்பான்களும் அடிபட்டுக்கொண்டிருந்தன. ஆசிய நீள்கொம்பு வண்டு 1996-இல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மேப்பிள் மரங்களைத் தாக்குவது. ஆஷ் மரங்களைத் துளைக்கும் மரகத நிறத்து ஆஷ் துளைப்பான் 2002-இல் மிச்சிகனில் தெரியவந்தது. இரண்டும் ஆசியாவிலிருந்து குடியேறியவை. இந்தச் செய்திகளோடு சேர்த்துப் படிப்பவருக்கு ஓசார்க் வண்டும் வந்தேறிப் பூச்சி என்றே தோன்றும்.

உண்மை அதற்கு நேர்மாறானது. அந்த வண்டு அந்தக் காட்டுக்கே சொந்தமானது. 1847-இலேயே அறிவியல் பெயர் பெற்றது. அதன் பிறகு நூற்றைம்பது ஆண்டுகள், பலகையின் விலையைக் குறைக்கும் தொல்லை என்ற அளவில்தான் வனத்துறையினர் அதை அறிந்திருந்தார்கள். மரத்தைக் கொல்லும் பூச்சி என்று யாரும் சொன்னதில்லை. 2005-இல் அடுத்த வியப்பு: யாரும் காடு முழுக்க மருந்து அடிக்காமலேயே அதன் எண்ணிக்கை சரிந்தது.

உள்ளூர்ப் பூச்சி ஒன்று திடீரென்று பெருகிக் காட்டையே காயவைத்து, பிறகு தானாக அடங்குவது எப்படி? வண்டை மட்டும் ஆராய்ந்தால் பாதி விடைதான் கிடைக்கும். மறு பாதி மரம் சேர்த்து வைக்கும் மாவுச்சத்திலும், அந்த மலையில் நூறு ஆண்டுகளாக மனிதர்கள் செய்ததிலும் இருக்கிறது.

மலையும் மரமும்

ஓசார்க் என்பது மிசௌரியின் தெற்குப் பகுதியிலும் ஆர்கன்சாவின் வடக்குப் பகுதியிலும் ஒக்லஹோமாவின் கிழக்கு ஓரத்திலும் பரந்து கிடக்கும் பழைய பீடபூமி. ஆறுகள் அறுத்து அறுத்து மலைத்தொடராகத் தெரிகிறது. அதன் மிக உயர்ந்த பகுதியான பாஸ்டன் மலைகளே சுமார் 780 மீட்டர்தான்; நம் ஏற்காட்டில் பாதி. உயரத்தைவிட இங்கே மண்தான் முக்கியம். முகடுகளிலும் தெற்கு, மேற்குச் சரிவுகளிலும் மண் ஆழமில்லை. கல் அதிகம், ஈரம் தங்காது. மழை ஒரு பருவம் தவறினாலும் முதலில் வாடுவது முகட்டு மரங்கள்.

ஓக் இனத்தில் இரண்டு பெரிய பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் மேற்கொண்டு புரிந்துகொள்வது எளிது.

1. சிவப்பு ஓக் பிரிவு. இலை மடல்களின் நுனியில் முள்போன்ற முனை இருக்கும். காய் முற்ற இரண்டு பருவம் ஆகும். வேகமாக வளரும். வட சிவப்பு ஓக், கருப்பு ஓக், தென் சிவப்பு ஓக் ஆகியவை இதில் சேரும்.

2. வெள்ளை ஓக் பிரிவு. இலை மடல்கள் வழவழப்பாக வளைந்திருக்கும். காய் ஒரே பருவத்தில் முற்றும். மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் வாழும். முற்றிய கட்டையில் நீர்க்குழாய்கள் தாமாகவே அடைத்துக்கொள்வதால் ஒழுகாது. விஸ்கி பீப்பாய்க்கு இதைத் தேடுவது அதனால்தான். சிவப்பு ஓக்கில் பீப்பாய் செய்தால் ஒழுகிவிடும்.

நம் வண்டு விரும்புவது சிவப்பு ஓக் பிரிவை. எப்போதாவது வெள்ளை ஓக்கிலும் முட்டையிடும், ஆனால் அங்கே அதன் கை ஓங்குவதில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இடையில் ஒரு விளக்கம். நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நட்டிருக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் இந்த ஓக்குக்கும் உறவு எதுவும் இல்லை. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். மெய்யான ஓக் தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளர்வதில்லை. இமயமலைக்குப் போனால் பார்க்கலாம்.

இரவில் மட்டும் நடமாடும் வண்டு

ஆங்கிலத்தில் ரெட் ஓக் போரர் என்பார்கள். இந்தக் கட்டுரையில் சிவப்பு ஓக் துளைப்பான். அறிவியல் பெயர் எனஃபலோடஸ் ருஃபுலஸ். நீள்கொம்பு வண்டுகள் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் இந்தக் குடும்பத்தில் 30,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம்மூர் மாந்தோப்புகளில் தண்டைத் துளைக்கும் பெரிய வண்டும், ஏற்காடு, கீழ்ப்பழனிக் காப்பித் தோட்டக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் வெள்ளைத் தண்டு துளைப்பானும் இதே குடும்பம்தான்.

வளர்ந்த வண்டு சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். துருப்பிடித்த இரும்பின் நிறம். அதன்மேல் திட்டுத் திட்டாகப் பொன்னிற மெல்மயிர். ஆணின் உணர்கொம்பு உடலைப்போல் இரண்டு மடங்கு நீளம், பெண்ணுக்கு ஏறக்குறைய உடல் நீளம். பகலில் பட்டையில் ஒட்டிக்கொண்டால் ஒரு கை தூரத்திலிருந்துகூடக் கண்டுபிடிப்பது சிரமம். இருட்டிய பிறகே இணை தேடுவதும் முட்டையிடுவதும். விளக்கொளிக்கு வரும், ஆய்வாளர்கள் விளக்குப் பொறி வைத்துத்தான் பிடிக்கிறார்கள்.

பெண் வண்டு முட்டையிடும் இடம் கவனிக்கத்தக்கது. பட்டை வெடிப்புக்குள், பாசிப் பூஞ்சைத் திட்டுகளுக்கு அடியில், பழைய காயங்களின் ஓரத்தில் என்று ஒவ்வொன்றாகச் செருகும். ஒரு பெண் தன் வாழ்நாளில் இப்படி நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். வளர்ந்த வண்டு மரத்துக்குச் செய்யும் தீங்கு என்று சொல்ல எதுவும் இல்லை. எல்லாம் புழுவின் வேலை.

மரத்துக்குள் இரண்டு ஆண்டுகள்

புழு போகும் பாதையைப் புரிந்துகொள்ள, தண்டின் அடுக்குகளை வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் வெளிப்பட்டை, அது உயிரற்ற கவசம். அடுத்து உள்பட்டை, இலையில் தயாராகும் சர்க்கரையை வேருக்குக் கொண்டுபோவது இதுதான், பாடப்புத்தகத்தில் புளோயம். அதற்கடுத்து கேம்பியம் என்ற மெல்லிய வளர் அடுக்கு; மரம் பருப்பது இங்கிருந்துதான். பிறகு நீரேற்றும் வெளிக்கட்டை. நடுவில் தச்சர்கள் வைரம் என்று சொல்லும் உள்கட்டை.

இனி காலவரிசை. 2001-ஆம் ஆண்டு கோடையில் இட்ட முட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1. 2001 ஜூலை வாக்கில் முட்டை. பத்துப் பதின்மூன்று நாட்களில் பொரிக்கும். நூல் அளவுப் புழு பட்டையைத் துளைத்து உள்பட்டைக்குள் போகும்.

2. 2001 குளிர்காலம். சிறிய குடைவு ஒன்றைப் போட்டுக்கொண்டு உள்பட்டையிலேயே கிடக்கும். வெளியே எந்த அடையாளமும் பெரிதாகத் தெரியாது.

3. 2002 கோடை. இதுதான் தின்னும் காலம். உள்பட்டையையும் கேம்பியத்தையும் ஒழுங்கற்ற வடிவத்தில் சில சதுர அங்குல அளவுக்கு அரித்துத் தள்ளும். மரச்சாறு கசிந்து பட்டையில் ஈரக் கறை படியும். துளை வழியாக வெளித்தள்ளிய மரத்தூள் அடிமரத்தருகே சேரும்.

4. 2002 இறுதியில் உள்பட்டையை விட்டு வெளிக்கட்டைக்குள் நுழைந்து, வைரத்தை நோக்கி மேல்முகமாகச் சுரங்கம் போடும். சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளை. இரண்டாவது குளிர்காலம் அதற்குள்ளே.

5. 2003 வசந்தத்தில் கூட்டுப்புழு. ஜூன், ஜூலையில் வண்டாகி, தான் போட்டு வைத்த பாதை வழியே வந்து, பட்டையில் நீள்வட்டத் துளை போட்டு வெளியேறும்.

ஒரு தலைமுறைக்கு இரண்டு ஆண்டுகள். இதில் விசித்திரம், இந்த இனத்தின் வாழிடப் பரப்பு முழுவதும் மிகப் பெரும்பாலான வண்டுகள் ஒற்றைப்படை ஆண்டில் வெளிவருகின்றன என்பது. இரட்டைப்படை ஆண்டில் வருபவை சொற்பம். 1999, 2001, 2003 ஆகிய ஆண்டுகள் ஓசார்க் வரலாற்றில் அடிக்கடி குறிப்பிடப்படுவது இந்தக் காரணத்தால்.

இப்படி ஆண்டு குறித்து ஒன்றாக வெளிவரும் பூச்சிகளுக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கூட்டமாக வந்தால் பறவைகள் தின்று தீர்க்க முடியாது. மற்றொன்று, முந்திய அணியின் பெரிய புழுக்கள் இருக்கும் மரத்தில் பிந்திய அணியின் குஞ்சுப் புழுக்களுக்குத் தீனி மிஞ்சாது. சில நேரம் அவையே தீனியாகிவிடும். அதே ஓசார்க் காடுகளில் 13 ஆண்டுக்கு ஒரு முறை தரையிலிருந்து கிளம்பும் சிள்வண்டுக் கூட்டமும் உண்டு. கடைசியாக 2024-இல் வந்தது. அந்தக் காடு இப்படிப்பட்ட நாட்காட்டிக்காரர்களுக்குப் பழகிய காடு.

நூறு முட்டையும் இரண்டு வண்டும்

பலர் தடுமாறும் இடம் இதுதான். மரத்துக்கு ஓரிரண்டாக இருந்த பூச்சி எப்படி நூற்றுக்கணக்கில் பெருகும்? வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டாமா? வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரு பெண் 100 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டுமானால், அந்த 100-இல் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக 2 மட்டும் பிழைத்து வண்டாக வேண்டும். 98 சாக வேண்டும். 98 சாவதுதான் சாதாரண நிலை.

இப்போது ஏதோ காரணத்தால் 98-க்குப் பதில் 94 சாகின்றன, 6 பிழைக்கின்றன. சாவு விகிதத்தில் பார்த்தால் மிகச் சிறிய சரிவு. ஆனால் எண்ணிக்கை ஒவ்வொரு தலைமுறைக்கும் மூன்று மடங்காகும். மரத்துக்கு 4 வண்டு என்று தொடங்கினால் அடுத்த தலைமுறையில் 12, அதற்கடுத்து 36, அதற்கும் அடுத்து 108. ஆறே ஆண்டுகள்.

இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. களத்தில் அளந்தவை அல்ல. ஆனால் களத்தில் கண்டதும் இதே போக்குதான். பழைய ஆய்வுகளில் மரத்துக்குச் சராசரியாக நான்குக்கும் குறைவாகவே இந்தப் பூச்சி பதிவாகியிருந்தது. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் ஸ்டீஃபன் தலைமையிலான பூச்சியியல் குழு, பாதிக்கப்பட்ட மரங்களை வெட்டி, துண்டு போட்டு, பட்டையை உரித்து எண்ணியபோது ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கான தாக்குதல் தடங்கள் கிடைத்தன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வழக்கமாகச் சாகும் அந்த 98 ஏன் முழுதாகச் சாகவில்லை என்பது.

புழுவைக் கொல்வது யார்?

எறும்புகள் முட்டையையும் இளம் புழுவையும் தின்கின்றன. மரங்கொத்திகள் பெரிய புழுக்களைக் கொத்தி எடுக்கின்றன. தாக்கப்பட்ட தண்டுகளில் அந்தக் கொத்துத் தடங்களைப் பார்க்கலாம். ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமான எதிரி, புழு குடியிருக்கும் மரம்.

ஆரோக்கியமான ஓக்கின் உள்பட்டையில் ஈரம் அதிகம். சிறு புழு குடைந்ததும் மரம் அந்தக் காயத்தைச் சுற்றிப் புதிய திசுவை வளர்க்கிறது. அந்தக் காயத்திசு விளிம்பிலிருந்து உள்நோக்கி வளர்ந்து குடைவை மூடப் பார்க்கும். புழு வேகமாகத் தின்று முன்னேறினால் புழு வெல்லும். திசு வேகமாக வளர்ந்தால் புழு நசுங்கியோ பட்டினியாலோ சாகும். வெட்டிய வட்டத் துண்டுகளில் இந்தப் போட்டியின் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்: ஓரிடத்தில் முழுவதும் மூடி, மேலே ஆண்டு வளையங்கள் ஏறிவிட்ட பழைய தழும்பு, இன்னோரிடத்தில் மூடாமல் வைரம்வரை போன கறுத்த துளை.

தழும்பின் மேல் எத்தனை வளையம் ஏறியிருக்கிறது என்று எண்ணினால், அந்தப் புழு எந்த ஆண்டில் தாக்கியது என்பதும் தெரிந்துவிடும். வண்டு கணக்கெடுப்பே இல்லாத காலத்துக்கும் இந்த வழியில் ஆவணம் கிடைக்கிறது. மர வளைய ஆய்வாளர்கள் மிசௌரியிலும் ஆர்கன்சாவிலும் இப்படித்தான் பல பத்தாண்டுகளுக்கு முந்திய தாக்குதல்களை வாசித்தார்கள். பெரும்பாலான மரங்கள் அவற்றைத் தாங்கிப் பிழைத்தவை.

காயத்திசு வளர்க்கச் சர்க்கரை வேண்டும். அது வேரிலும் தண்டிலும் சேமித்த மாவுச்சத்திலிருந்து வர வேண்டும். சேமிப்பு குறைந்தால் திசு மெதுவாக வளரும். ஆறு புழுக்கள் பிழைப்பதற்கு அது போதும்.

சேமிப்பு ஏன் குறைந்தது? மூன்று அடுக்குக் காரணங்கள்

மரங்கள் கூட்டமாக நலிந்து சாவதைத் தாவர நோயியலில் நலிவு என்கிறார்கள். ஒரே காரணத்தால் வருவது அல்ல இது. அமெரிக்க மர நோயியலாளர் பால் மேனியன் 1981-இல் முன்வைத்த முறையில் காரணங்களை மூன்று அடுக்காகப் பிரிப்பது வழக்கம். ஓசார்க்குக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

முதல் அடுக்கு: நீண்டகாலப் பலவீனம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1920-கள் வரை ஓசார்க் காடுகள் மொட்டையடிக்கப்பட்டன. ரயில் பாதைக் குறுக்குக் கட்டைகளுக்கும் பீப்பாய்ப் பலகைக்கும் பைன், வெள்ளை ஓக் மரங்கள் வண்டி வண்டியாகப் போயின. ஓசார்க் தேசியக் காடு 1908-இல் அறிவிக்கப்பட்டபோது நல்ல மரங்களில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. வெட்டிய அடிக்கட்டைகள் மறுதாம்பு விட்டன. அந்த இடங்களை வேகமாகப் பிடித்துக்கொண்டவை சிவப்பு ஓக் வகைகள்.

அதோடு தீ நின்றது. பழங்குடிகள் வைத்த தரைத் தீயும் பிறகு குடியேறியவர்கள் வைத்த தீயும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அடிக்காட்டைச் சுத்தம் செய்து, மரங்களை இடைவெளி விட்டு நிற்க வைத்திருந்தன. பழைய மரங்களின் அடியில் உள்ள தீத்தழும்புகளே அதற்குச் சாட்சி. 1930-களிலிருந்து தீயணைப்பு தீவிரமானது. தீ நின்றதும் காடு அடர்ந்தது. ஆக, 1990-களின் முடிவில் அங்கே நின்றது எப்படிப்பட்ட காடு? ஏறக்குறைய ஒரே வயது, எழுபது முதல் தொண்ணூறு, நெருக்கமான நடவு போன்ற அடர்த்தி, ஆழமில்லாத மண், பெரும்பாலும் ஒரே பிரிவு மரம். வெளியே பார்த்தால் பசுமையான பெருங்காடு. ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் கிடைத்த நீரும் வெளிச்சமும் அரைவயிற்றுக்குத்தான்.

இந்த முதல் அடுக்கு செய்தித்தாள்களில் ஏறக்குறைய வருவதே இல்லை. எழுபது ஆண்டுகளாக நடந்த ஒன்றைத் தலைப்பாகப் போட முடியாது என்பதால் இருக்கலாம். ஆனால் மூன்றில் இதுதான் கனமானது என்பது என் கணிப்பு. வறட்சி ஓசார்க்குக்குப் புதிதல்ல, வண்டும் புதிதல்ல. இந்த அளவுக்கு ஒரே வயதில் நெருக்கியடித்து நின்ற சிவப்பு ஓக் காடுதான் புதிது.

இரண்டாம் அடுக்கு: திடீர் அதிர்ச்சி. 1998 முதல் 2000 வரை கடும் வறட்சி. நீர் இல்லாதபோது இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, சர்க்கரை தயாராகாது. ஆனால் மூச்சு விடும் செலவு நிற்காது. மரம் சேமிப்பில் கை வைக்கிறது. அடுத்த வசந்தத்தில் புதிய இலை விடவும் அதே சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மூன்றாம் அடுக்கு: நலிந்ததை முடித்துவைப்பவை. ஆர்மில்லேரியா என்ற வேரழுகல் பூஞ்சை எப்போதும் அந்த மண்ணில் உண்டு. நலிந்த வேரைக் கண்டால் ஏறும். ஹைப்பாக்சிலான் பூஞ்சை வறண்ட தண்டில் பரவிப் பட்டையை உதிர்க்கும். நம் சிவப்பு ஓக் துளைப்பானும் இந்த மூன்றாம் அடுக்கைச் சேர்ந்தது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமாக மூன்றாம் அடுக்கில் வருபவை சாகப்போகும் மரத்தைத்தான் முடிக்கும். ஓசார்க்கில் வண்டு அந்த எல்லையைத் தாண்டியது. நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே தண்டில் உள்பட்டையைத் தின்னும்போது குடைவுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். தண்டைச் சுற்றிச் சர்க்கரைப் பாதை அறுந்தால் வேர் பட்டினி கிடக்கும். பிழைத்திருக்கக்கூடிய மரமும் அப்போது சாகும். ஆகவே வண்டுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று எழுதுவதும் சரியாகாது. நலிவு தொடங்க அது காரணமில்லை. நலிவின் அளவு அத்தனை பெரிதானதற்கு அது ஒரு காரணம்.

மருந்து அடித்திருக்கலாமே?

புழு தன் வாழ்நாளில் பெரும்பகுதி கட்டைக்குள் இருக்கிறது. வெளியே தெளிக்கும் மருந்து அங்கே போகாது. வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒற்றை மரமானால் வழி உண்டு. அமெரிக்காவில் துளைக்குள் கம்பியை விட்டுப் புழுவைக் குத்திக் கொல்லும் பழைய யோசனை இருக்கிறது. நம் மா விவசாயிகள் வளைந்த கம்பியால் புழுவை இழுத்துப் போட்டுவிட்டு, மருந்தில் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் அடைப்பதும் அதே முறைதான். ஒரு தோப்புக்கு இது சரி. லட்சக்கணக்கான ஏக்கர் மலைச்சரிவுக்கு யார் கம்பியோடு போவது?

விளக்குப் பொறி சில இடங்களில் பயன்படுகிறது. வடகிழக்குச் சீனாவில் மங்கோலிய ஓக் காடுகளைத் தாக்கும் மாசிகஸ் ராடேய் என்ற பெரிய நீள்கொம்பு வண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கூட்டமாக வெளிவரும். அதுவும் இரவு வண்டு. வரும் ஆண்டு தெரியும் என்பதால் அந்தக் கோடையில் விளக்குப் பொறிகளைக் குவித்துப் பிடிக்கிறார்கள். புழுவைத் தின்னும் ஒட்டுண்ணி வண்டுகளையும் வளர்த்து விடுகிறார்கள். இந்தியாவிலும் 1990-களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்து சால் காடுகளில் இதே குடும்பத்துத் துளைப்பான் பெருகியபோது, புதிதாக வெட்டிய சால் கட்டையின் சாற்று மணத்தால் வண்டுகளை வரவழைத்து, ஆட்களை வைத்துப் பொறுக்கிக் கொன்றார்கள். ஓசார்க்கில் இந்த அளவு ஆள்பலமோ ஏற்பாடோ நடக்கவில்லை.

2005-இல் ஏன் அடங்கியது?

மேலே போட்ட அதே கணக்கைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். 100-இல் ஒன்று மட்டுமே பிழைக்கும் நிலை இரண்டு தலைமுறை நீடித்தால் கூட்டம் கால் பங்காகச் சுருங்கிவிடும். அந்த நிலைக்குத் தள்ளியவை ஒன்றுக்கு மேற்பட்டவை.

1. தீனி தீர்ந்தது. தாக்குதலுக்கு இளக்கமான மரங்கள் முதலிலேயே செத்துவிட்டன. செத்த மரத்தின் உள்பட்டை காய்ந்துவிடும். அதில் புதிய தலைமுறை வளர முடியாது.

2. நெரிசல். ஒரே தண்டில் அளவுக்கு மீறிப் புழுக்கள் இருந்தால், ஒன்றின் குடைவு இன்னொன்றின் குடைவில் முட்டும். வலியது மெலியதைத் தின்னும்; மிச்சம் பட்டினியால் சாகும்.

3. மீந்த மரங்கள் பலமானவை. பக்கத்து மரங்கள் செத்ததால் நீரும் வெளிச்சமும் கூடுதலாகக் கிடைத்தன. காயத்திசு வேகமாக வளரும் மரங்களே எஞ்சியும் நின்றன.

இந்த மூன்றாவதைக் கவனியுங்கள். தீ செய்திருக்க வேண்டிய இடைவெளி விடும் வேலையை, கொடூரமான வழியில் வண்டு செய்து முடித்திருக்கிறது.

ஒரு கண்டத்தில் பகை, இன்னொன்றில் பாதுகாப்பு

ஐரோப்பாவின் ஓக் காடுகளிலும் ஓர் இரவு நேர நீள்கொம்பு வண்டு உண்டு: செராம்பிக்ஸ் செர்டோ. 5 சென்டிமீட்டர் வரை வளரும் கரிய பெருவண்டு. புழு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஓக் தண்டுக்குள் வாழும். அங்கும் ஒரு காலத்தில் மரத்தைக் கெடுக்கும் பூச்சி என்று கொன்றார்கள். வெயில் படும்படி தனித்து நிற்கும் வயதான ஓக் மரங்கள் அருகியதும் வண்டும் அருகியது. 1992-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட இனமாகச் சேர்க்கப்பட்டது. இன்று அந்தப் புழு வாழும் முதிய ஓக் மரத்தை வெட்ட வேண்டுமானால் பல இடங்களில் அனுமதிக்காக அலைய வேண்டும்.

இரண்டும் ஓக் தண்டுக்குள் வளர்ந்து இரவில் நடமாடும் வண்டுகளே. அவற்றைப் பூச்சி என்றோ செல்வம் என்றோ ஆக்கியது சுற்றி நின்ற காட்டின் நிலை. அதனால் நீள்கொம்பு வண்டு என்றதும் கொல்ல வேண்டியது என்று முடிவு செய்வது, தென்னை வண்டைப் பார்த்துச் சாணி வண்டையும் நசுக்குவது போன்றது.

காட்டில் நடந்த மாற்றம்

ஓக் காய்தான் அந்தக் காட்டின் சோறு. கருங்கரடி, மான், காட்டு வான்கோழி, அணில் எல்லாம் இலையுதிர் காலத்தில் அதை நம்பியே கொழுக்கின்றன. ஆர்கன்சாவில் கரடிகள் ஏறக்குறைய அற்றுப்போய், 1958-க்கும் 1968-க்கும் இடையில் மின்னசோட்டாவிலிருந்தும் கனடாவின் மானிடோபாவிலிருந்தும் 250-க்கும் மேற்பட்டவற்றைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சிவப்பு ஓக் கூட்டமாகச் சாவது அந்தக் கரடிகளின் குளிர்காலச் சேமிப்பையும் தொடுகிறது. வெள்ளை ஓக் ஓர் ஆண்டு காய்க்காமல் ஏமாற்றினால், முந்திய ஆண்டே பூத்த சிவப்பு ஓக் அந்த ஆண்டில் காய் கொடுக்கும். இரண்டில் ஒன்று குறைந்தால் இந்தக் காப்பு போய்விடும்.

செத்த ஓக்கின் இடத்தில் ஓக்கே முளைக்கும் என்பதும் நிச்சயமில்லை. ஓக் கன்றுக்கு வெளிச்சம் வேண்டும். எழுபது ஆண்டு தீயில்லாத காட்டின் அடியில் நிழல் தாங்கும் மேப்பிள் போன்றவை ஏற்கெனவே காத்திருக்கின்றன. மேலே திறப்பு விழுந்ததும் முந்திக்கொள்வது அவைதான். அதனால் வனத்துறை கையில் எடுத்திருப்பது பூச்சிமருந்தை அல்ல, தீப்பந்தத்தையும் ரம்பத்தையும். நெருக்கமான மரங்களைக் களைவதும், கட்டுக்குள் வைத்துத் தரைத் தீ மூட்டுவதும் ஓசார்க்கில் இப்போது வழக்கமான வேலைகள். தீயைப் பற்றி மூன்று தலைமுறைக்குப் பயம் காட்டி வளர்த்த துறை, இப்போது அதே மக்களிடம் புகைக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது தனிக் கதை.

தீயிலும் கணக்குத் தப்பினால் வினைதான். சூடு மிஞ்சினால் அடித்தண்டில் காயம் விழும். அழுகல் பூஞ்சை நுழையும். இந்த வண்டு முட்டையிடத் தேடும் இடங்களில் காயத்தின் ஓரமும் ஒன்று. அதனால் தீ வைக்கும் நாள், காற்று, சருகின் ஈரம் எல்லாம் பார்த்துத்தான் மூட்டுகிறார்கள்.

அடுத்த பெருக்கம் வருமா என்று கண்காணிப்பவர்கள் வண்டு பறக்கும் ஒற்றைப்படை ஆண்டு வரை காத்திருப்பதில்லை. அதற்கு முந்திய இரட்டைப்படை ஆண்டின் கோடையில் முகட்டு மரங்களின் பட்டையில் புதிய சாற்றுக் கறையும் அடிமரத்தில் மரத்தூளும் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். அப்போது ஒரு தண்டில் ஒன்றிரண்டு கறை இருந்தால் வழக்கமான நிலை. எண்ண முடியாத அளவுக்கு இருந்தால் அடுத்த ஜூனுக்குள் அந்த மரத்தை வெட்டி அகற்றப் பத்துப் பன்னிரண்டு மாத அவகாசம் இருக்கிறது.